நான்கு பெட்டிகள், ஒரு காது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. மாடிப்படியில் வைத்து ஒரு பெண்மணி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்ன விஷயம் இது. ஒரு ஈ காக்காய்க்குக்கூடச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இப்போது உங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிஷ்கெக் என்கிற இந்தக் குளிர்தேச நகரத்தில், எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான். அந்தத் தைரியம்தான்.

மருத்துவம் படிக்க இந்த ஊருக்கு வந்தவன் நான். மூன்றாம் வருஷத்தில் படிப்பு என்னைக் கைவிட்டது. (அல்லது நான் அதை. வீட்டுக்கு ஒரு கதை, நண்பர்களுக்கு ஒரு கதை சொல்லிவைத்திருக்கிறேன்.) பிறகு காது கேட்கிறதா என்று சோதித்துப் படம் வரையும் வேலையைக் கற்றுக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக ஒரு மருத்துவமனையில் அதையே செய்துவருகிறேன். கட்டடத்தில் எல்லாரும் என்னை டாக்டர் என்கிறார்கள். மறுத்து மறுத்து அலுத்துவிட்டது.

விஷயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறேன், இது மர்மக் கதை இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் புருல்சா அக்காவுக்கு இடது காது போய்விட்டது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோயிற்று. வலது காதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் வரைந்த படத்தின்படி இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை. இது அவர் கணவர் அக்கில்பெக்குக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் சத்தியம்.

"ஏன்க்கா? வீட்டுக்காரர்கிட்ட மறைக்கற விஷயமா இது?" என்று கேட்டேன்.

"அந்த ஆளைப் பத்தி உனக்குத் தெரியாது டாக்டர். தெரிஞ்சா ஒவ்வொரு பாட்டையும் கடைசிப் பாட்டு மாதிரி போடுவாரு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருப்பாரு. எனக்கு மிச்சம் இருக்கறதே ஒரு வருஷக் காது. அதை எழவு வீடாக்க நான் விடமாட்டேன்."

ஆக, இந்தக் கதையில் பணயம் ஒரு வருஷக் காது. அதை அந்த அம்மாள் தன் இஷ்டப்படி அனுபவிக்க முடியுமா, முடியாதா? மற்றதெல்லாம் வயர்.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதலில் எழுதியது: "பனி கொட்டிய ஒரு காலையில் அக்கில்பெக்..." வேண்டாம். இங்கே ஐந்து மாதம் பனி கொட்டும். அதை யாரும் எழுதிக்கொண்டிருக்கமாட்டார்கள், தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது: "இசை என்பது..." ஐயோ சாமி. இசை என்பது என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? காதைத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றாவது: "புருல்சாவுக்குக் கால் வலித்தது."

இது பொய். ஆனால் அக்காவே சொன்ன பொய். எல்லாம் அதிலிருந்துதான் புறப்பட்டது என்பதால் இங்கிருந்தே போகலாம். இனிமேல் முடிந்தவரை நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அக்கில்பெக்கின் தோளுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

புருல்சாவுக்குக் கால் வலித்தது. முப்பது வருஷம் தையல் பட்டறையில் பள்ளிச் சீருடை தைத்த கால், வலிக்காதா என்று அக்கில்பெக் நம்பினார். மாதம் தவறாமல் இருவரும் நகரத்துக் கச்சேரி மண்டபத்துக்குப் போவார்கள். எப்போதும் மூன்றாவது வரிசைதான். பிடில் கூட்டம் இடப்பக்கம், பெரிய வாத்தியங்கள் வலப்பக்கம் என்று புருல்சா கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, "படி ஏற முடியல, நீ மட்டும் போய்ட்டு வா" என்றார்.

(உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஒற்றைக் காதுக்குச் சத்தம் உண்டு, திசை கிடையாது. காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவை போனபோது மண்டபத்தில் அறுபது வாத்தியமும் ஒரே உருண்டையாக வந்து விழுந்திருக்கிறது. அக்கா நடுவிலேயே எழுந்து வெளியே போய் அழுதிருக்கிறார். கணவர் கேட்டபோது கால் என்று வாயில் வந்துவிட்டது.)

"நீ மண்டபத்துக்குப் போகவே வேண்டாம் கிழவி. மண்டபம் இங்க வரும்" என்றார் அக்கில்பெக்.

3

ட்ராலி பஸ் டெப்போவில் இருபத்தெட்டு வருஷம் மின்சாரத்தைக் கட்டி மேய்த்தவர் அவர். எதையும் பாதியில் விடுகிற ஜாதியில்லை.

ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டிய கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் நான்கு ஹார்டு டிஸ்க்கைத் திணித்தார். அதன் விசிறி இரைச்சல் அறைக்குள் கேட்கக் கூடாது என்று, கண்ணாடி அடைத்த பால்கனியில் தக்காளி ஊறுகாய் ஜாடிகளுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் வைத்தார். அதுதான் மீடியா சர்வர், பாட்டெல்லாம் குடியிருக்கும் இடம். குளிருக்கு அது சூடேறாது, அதன் சூட்டில் உருளைக்கிழங்கு உறையாது என்று ஒரு கணக்கும் சொன்னார். அங்கிருந்து வயர் கம்பளத்துக்கு அடியில் ஓடி அறைக்குள் வந்தது. நான்கு மூலைக்கு நான்கு ஒலிப்பெட்டி, சோபாவுக்குப் பக்கத்தில் அடித்தொண்டைக்காரக் குண்டுப் பெட்டி ஒன்று.

"ஜெர்மன்காரன் சுவருக்கு ஸ்பாஞ்சு ஒட்டறானாம், எதிரொலி வராம இருக்க. நமக்கு அது எதுக்கு? உங்க அம்மா குடுத்த கம்பளம் சுவத்துல தொங்குது பாரு" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

பிறகு இசைத்தட்டுகள். சாதாரணத் தட்டில் இரண்டு பக்கச் சத்தம்தான் இருக்கும். நாலாபக்கமும் தனித்தனியாகப் பதிந்த தட்டுகள் வேறு. அவற்றைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் இரவல் வாங்கி, ஒவ்வொன்றாகக் கணினிக்குள் நகலெடுத்துப் போட்டார். ஒரு தட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பாதித் தட்டுகளின் பெயர் ருஷ்ய எழுத்தில், மீதி லத்தீனில். ஒரே இசைக்குழு கணினிக்குள் மூன்று இடத்தில் மூன்று பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதையெல்லாம் ஒன்று சேர்க்க ஒரு முழுக் குளிர்காலம் போயிற்று.

எல்லாம் முடிந்ததும் சோதனை. சர்ர் என்று அடைமழை மாதிரி ஒரு இரைச்சல், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் முறைவைத்து வரும். ஜன்னல் பக்கம் இடது, ஜன்னல் பக்கம் வலது, கதவுப் பக்கம் வலது, கதவுப் பக்கம் இடது.

"கண்ணை மூடிக்கோ. எங்கேர்ந்து வருதுன்னு கை காட்டு."

புருல்சா கை காட்டினார். நான்கும் சரி. அக்கில்பெக் துள்ளிக் குதிக்காத குறைதான்.

(முந்தின நாள் அவர் தனியாகச் சோதித்தபோது அக்கா டீயோடு வந்து திரையைப் பார்த்திருக்கிறார். எந்தப் பெட்டி எப்போது என்று அதில் படமே வந்திருக்கிறது. வரிசையை மனப்பாடம் செய்துகொண்டார். முப்பது வருஷம் பாட்டர்ன் பார்த்துத் துணி வெட்டிய தலை அது.)

4

இந்த இடத்தில் எனக்கு அக்கில்பெக் மேல் ஒரு சந்தேகம். நீங்களும் நினைத்திருப்பீர்கள். முப்பத்து மூன்று வருஷம் ஒரே கூரைக்கடியில் இருப்பவருக்கு, மனைவி எப்போதும் வலது பக்கமாகத் திரும்பித்தான் பேச்சைக் கேட்கிறாள் என்று தெரியாமலா போகும்? நான் அவரை ரொம்ப அப்பாவியாக வரைகிறேனா? ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: "அவர் மனசில் எங்கோ ஒரு மூலையில்..." எழுதிவிட்டு அடித்தேன். அவருடைய மூலை எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னது பாதி, அக்கா சொன்னது பாதி. இடையில் இருக்கும் இடைவெளி என் கைச்சரக்கு.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த மாதம் முழுக்க மனிதர் சந்தோஷமாக இருந்தார். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, அவ நாலு மூலையையும் காட்டிட்டா!" என்பார். நான் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

5

சம்பந்தி வருகிறார் என்று செய்தி வந்தது.

அக்காவின் மகளுக்கு மாமனார். பெயர் சத்தார்குல். சம்பந்தி வருகிறார் என்றால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இங்கேயும் அதே பாடுதான். ஆடு வந்தது. மாவு பிசைந்தார்கள். சோபா சுவரோரம் போயிற்று, தாழ்ந்த மேஜையைச் சுற்றி மெத்தைகள் விரிந்தன. அன்று காலையில்தான் அக்கில்பெக்குக்குத் தலையில் இடி விழுந்தது.

இங்கே பெரிய விருந்தாளி உட்காரும் இடம் தோர். கதவிலிருந்து ஆகத் தள்ளி, கதவைப் பார்த்தபடி. இவர் வீட்டில் அது ஜன்னலோரம். அக்கில்பெக் தன் திரையையும் முன்பெட்டிகளையும் வைத்திருந்ததும் அதே ஜன்னலோரம்தான்.

"அடக் கடவுளே! பாடறவங்க எல்லாம் சம்பந்தி முதுகைப் பாத்துப் பாடுவாங்களே!"

"பாடினா என்ன இப்போ? அவர் திங்கத்தானே வர்றாரு" என்றார் புருல்சா.

"தோர்ல உக்காந்தவர் முதுகைக் காட்டறதா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு, கிழவி."

பெட்டிகளைத் தூக்கி மாற்ற நேரமில்லை. பால்கனிக்குப் போய்க் கணினியில் முன்னைப் பின்னாக்கி, இடதை வலதாக்கினார். இரண்டு நிமிஷ வேலை. அறை அப்படியே இருக்க, உள்ளே மண்டபம் மட்டும் அரைச் சுற்றுத் திரும்பி சம்பந்தியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டார். அல்லது சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. காது உள்ளவளுக்கு அது தானாகக் கேட்குமே.

6

நானும் விருந்துக்குப் போயிருந்தேன். வயதில் சின்னவன், எனவே கதவோரம். பக்கத்திலேயே புருல்சா அக்கா. வீட்டுக்காரி கதவோரம் உட்கார்ந்துதான் தேநீர் ஊற்றவேண்டும். கறியும் வேகவைத்த மாவுத் துண்டும் வயிறு முட்ட முடிந்த பிறகு சத்தார்குல் மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சம்பந்தி, இந்தப் பெட்டியெல்லாம் எதுக்கு? சவப்பெட்டிக் கடை வைக்கப் போறீங்களா?"

அக்கில்பெக் இதற்குத்தான் காத்திருந்தார். சுற்றொலி என்றால் என்ன என்று கால் மணி நேரம் சொன்னார். கடைசியில், "என் சம்சாரம் கண்ணை மூடிக்கிட்டே எந்த மூலைன்னு காட்டுவா. அவ காது அப்படி!" என்றார்.

"காட்டட்டும் பாப்போம்" என்றார் சத்தார்குலின் மனைவி அனிபா.

நான் தேநீரைக் கீழே வைத்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டர்ன்தான் கையில் இருக்கிறதே. கண்ணை மூடிக்கொண்டார்.

சர்ர் என்ற இரைச்சல் கதவோரம், அக்காவின் வலது தோளுக்கு இரண்டு முழம் பின்னாலிருந்து வந்தது. என் தட்டே அதிர்ந்தது. அக்காவின் கை நிதானமாக எழுந்து, அறைக்குக் குறுக்கே, ஜன்னல் பக்க இடது மூலையைக் காட்டியது.

இரண்டாவது இரைச்சல் கதவின் மறுபக்கம். அக்காவின் கை ஜன்னலின் மறுபக்கம். முகத்தில் பெருமை வேறு.

"சம்பந்தியம்மா! நேர் எதிர்ப்பக்கம்!" சத்தார்குல் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அக்கா கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை எழுத இரண்டு தடவை முயன்றேன். "பள்ளியில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல..." அப்படியெல்லாம் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

அடுத்து அக்கில்பெக் என்ன செய்தார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தவை இரண்டு. ஒன்றில் அவரும் சேர்ந்து சிரிக்கிறார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை, கிழித்துவிட்டேன். இன்னொன்றில், "புருல், உனக்குக் காது கேக்கலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். அதோடு கதை முடிந்துவிடும், அக்காவின் ஒரு வருஷமும் முடிந்துவிடும்.

நடந்தது இது. அக்கில்பெக் மனைவியின் கையைப் பார்த்தார். அது இன்னும் ஜன்னலைக் காட்டியபடியே அந்தரத்தில் நின்றது. பிறகு எழுந்தார்.

"அவ கை சரி. பெட்டிதான் தப்பு. காலையில நான்தான் வயரை மாத்திப் போட்டுத் தொலைச்சேன். வயசாச்சு, சம்பந்தி."

பால்கனிக்குப் போய் எல்லாவற்றையும் பழையபடி திருப்பினார். மறுபடி சோதனை போட்டார். அக்கா காட்டிய மூலையிலேயே இரைச்சல் வந்தது. அனிபா கைதட்டினார். அதன் பிறகு மாலைவரை பிடில் கூட்டம் முழுவதும் சத்தார்குலின் முதுகுக்குப் பின்னால் வாசித்தது.

"சம்பந்தி, யாரோ என் பிடரியில உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கு. தோர்ல உக்காரவச்சு இப்படியா பண்ணுவாங்க?"

"வாசிக்கட்டும் சம்பந்தி. இன்னொரு துண்டு கறி எடுத்துக்குங்க."

சத்தார்குலை நான் கொஞ்சம் முரட்டுத்தனமாக வரைந்துவிட்டேன் என்று படுகிறது. நல்ல மனிதர்தான். அவமானத்தை விழுங்கிக்கொண்டு போகும்போது புருல்சாவின் கையைப் பிடித்து, "நல்ல காதும்மா உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தலைகுனிந்து நின்றார்.

7

மூன்றாம் நாள் அக்கில்பெக் என் மருத்துவமனைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, டெப்போவுல என் சிநேகிதன் ஒருத்தன். அவன் பொண்டாட்டிக்கு ஒரு பக்கக் காது இல்ல."

"சரிண்ணே."

"அவங்க வீட்டுலயும் இதே மாதிரி நாலு பெட்டி. நாலுலயும் வர்றதை ஒண்ணாக் கலந்து, அந்தம்மாவோட நல்ல காதுப் பக்கம் ஒரே பெட்டியில விட்டா எது தொலையும்?"

"இடம் தொலையும். எது எங்கேர்ந்து வருதுங்கறது போயிடும். சுரம் தொலையாது."

"அந்தம்மாவுக்கு இடம் ஏற்கனவே போச்சு." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கற காதும் மங்கினா முதல்ல எது போகும்?"

"பொதுவா உச்சத்துல இருக்கற சத்தம்ண்ணே. சின்னப் பிடில், புல்லாங்குழல்."

"அப்ப அதை மட்டும் தூக்கிவிடணும். கணினியில முடியும்." பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல், "எத்தனை நாள் தாங்கும்?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. என் மேஜை இழுப்பறையில் காகிதத்தில் இருந்தது. "உங்க சிநேகிதர் சம்சாரத்தை நான் சோதிக்கலையேண்ணே" என்றேன்.

என்னைப் பார்த்தார். "ஆமா. நீ சோதிக்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதை மறைப்பானேன்.

"மத்த மூணு பெட்டி?" என்று கேட்டேன்.

"நிக்கட்டும். பாட்டு வர்ற வயரை மட்டும் பிடுங்கிடுவேன். பெட்டியில நீல விளக்கு எரியணும், இல்லேன்னா கண்டுபிடிச்சிடுவா." நாக்கைக் கடித்துக்கொண்டார். "சிநேகிதன் பொண்டாட்டி."

எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நான் வந்தேன்னு வீட்டுல சொல்லாத. அவ சந்தோஷமா பாட்டுக் கேட்டுக்கிட்டிருக்கா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா எனக்காக அழ ஆரம்பிச்சிடுவா."

ஆக, சத்தியம் இப்போது இரண்டு. ஒருத்தர் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்கிறார், மற்றவர் இவருக்குத் தெரியக் கூடாது என்கிறார். நடுவில் நான். இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று மனசு சொன்னது. கண்ணீர் இருக்கிறது, அன்பு இருக்கிறது, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டுத் தொலைத்தார்கள்.

8

பகல் பதினொரு மணி. சோபா பழைய இடத்துக்கு வந்திருந்தது. அக்கா அதில், ஜன்னலைப் பார்த்தபடி. வலது பக்கப் பெட்டி ஒன்று முன்னைவிட நெருங்கி வந்திருந்தது. அது மட்டும் பாடியது. மற்ற மூன்றும் நீல விளக்கோடு சும்மா நின்றன. பிடில்கள் கொஞ்சம் தூக்கலாக ஒலித்தன. எனக்கு அது அழகாக இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை.

அக்கில்பெக் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால்கனியிலிருந்து ஜாம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அக்கா எழுந்து, பின்னால் கதவோரம் இடது மூலையில் இருந்த பெட்டியின் மேல் தூசியைத் துடைத்தார். துடைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. உள்ளங்கை முழுவதும் பெட்டியின் மேல் படிய, நான்கைந்து மூச்சு நேரம். தையல் இயந்திரம் ஓடுகிறதா நின்றதா என்று முப்பது வருஷம் கையாலேயே தெரிந்துகொண்டவர் அவர். (அல்லது முழங்கால் நிஜமாகவே வலித்து, ஒரு கணம் ஊன்றிக்கொண்டாரா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறவன் செய்கிற காரியமா இது?)

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்கில்பெக்கும் வந்து உட்கார்ந்து ரொட்டியைக் கையில் எடுத்தார்.

"கிழவா."

"ம்?"

"இன்னைக்கு அந்தப் பின்பக்கத்து இடது பெட்டி என்னமா பாடுது!"

அக்கில்பெக்கின் கையில் ரொட்டி பாதி கிழிந்து நின்றது. அந்தப் பெட்டியின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கியவர் அவர். மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கேட்கிறாளா, நடிக்கிறாளா, இல்லை எல்லாம் தெரிந்துகொண்டு எனக்காகச் சொல்கிறாளா? அந்தக் கண்ணில் இருந்த கேள்வி இவ்வளவுதான்.

அக்காவும் என் பக்கம் திரும்பினார், நல்ல காதைக் கொடுத்து.

"இல்லையா, டாக்டர்?"

ஆமாம் என்றால் என்ன ஆகும், இல்லை என்றால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். நான் அன்று என்ன சொன்னேன் என்பதையும் எழுதப்போவதில்லை. அதை எழுதினால் அந்த வீட்டில் ஒருவருடைய மிச்ச நாட்களுக்கு நான் தீர்ப்பெழுதியவனாகிவிடுவேன். இவ்வளவு நேரம் கேட்டீர்கள், இரண்டு பேரையும் உங்களுக்கு என்னளவுக்குத் தெரியும். இப்படி வந்து என் இடத்தில் உட்காருங்கள். இருவரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.